உலகக் கிண்ணம் நடத்த ஒரு நாட்டுக்குத் தகுதி உண்டா? எடைபோடும் முறை

நம் மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர் போன்ற தோட்டப் பட்டணங்களில், ஒட்டுக்கடையில் இந்தப் பேச்சு எழுந்தால் "அவனுங்க என்ன காற்பந்து ஆடுறானுங்க?" என்பதிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். குழுவின் திறமையை முதலில் ஒதுக்கி வையுங்கள். 2007 ஆசியக் கிண்ணத்தை மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம் சேர்ந்து நடத்தின. நம் மலேசியக் குழு சீனாவிடம் 1-5, உஸ்பெக்கிஸ்தானிடம் 0-5 என்று தோற்றது. போட்டி நடந்து முடிவதற்கு அது தடையாகவில்லை.

இளைஞர் மன்றத்தில் உட்கார்ந்து பேசுவதானால் ஒரு தாள் எடுத்து, எந்தப் போட்டி என்று முதல் வரியில் எழுதுங்கள். அளவு தெரியாமல் வாதிட்டால் ஆளுக்கொரு போட்டியை மனத்தில் வைத்துப் பேசுவார்கள். 48 குழுக்கள் ஆடும் உலகக் கிண்ணத்தில் 104 ஆட்டங்கள். உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா குறைந்தது 14 அரங்கங்கள் கேட்கிறது: தொடக்க ஆட்டத்துக்கும் இறுதிக்கும் 80,000 இருக்கை, அரையிறுதிக்கு 60,000, மற்றவற்றுக்கு 40,000.

அடுத்து அரங்கங்களைத் தாளில் மூன்று பத்திகளாகப் பிரியுங்கள்: இப்போதே ஆட்டம் நடப்பவை, கட்டிக்கொண்டிருப்பவை, படத்தில் மட்டும் இருப்பவை. 80,000 என்ற வரம்பை நம் நாட்டில் கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கம் மட்டுமே தொடும். கட்டி முடித்ததையும் அப்படியே நம்பக் கூடாது. திரங்கானுவில் 2008-இல் திறந்த அரங்கின் கூரை 2009 ஜூன் 2-ஆம் தேதி இடிந்து விழுந்தது. பராமரிப்புப் பதிவு, யார் சோதித்தது என்ற விவரம் கிடைக்காவிட்டால் மூன்றாம் பத்தியில் போடுங்கள்.

வெளியேறும் வழிக்கு ஒரு கணக்கு உண்டு. பிரிட்டனின் அரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி, ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு நிமிடத்துக்குச் சமதளத்தில் 82 பேர், படிக்கட்டில் 66 பேர் கடக்கலாம் என்கிறது. எட்டு நிமிடத்துக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும். 40,000 பேர் என்றால் நிமிடத்துக்கு 5,000. சமதள வாசல்களின் மொத்த அகலம் 61 மீட்டர், படிக்கட்டானால் 76 மீட்டர். வாசல் இருந்தும் பூட்டிக் கிடந்தால் இந்தக் கணக்கு பயன்படாது. 2022 அக்டோபர் 1-ஆம் தேதி இந்தோனேசியாவின் கன்ஜுருஹான் அரங்கில் காவலர்கள் கண்ணீர்ப்புகை வீச, கூட்டம் வாசல்களில் நெரிந்து 135 பேர் இறந்தனர். வாசலைத் திறந்துவைக்கும் பொறுப்பும், புகை வீச உத்தரவிடும் அதிகாரமும் யாரிடம் என்று தாளில் எழுதுங்கள்.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம், கட்டுபவர்களின் நிலை. லயத்து வீட்டையும் கங்காணி முன்பணத்தையும் அறிந்த நம் மக்களுக்கு எங்கே தோண்ட வேண்டும் என்று தெரியும். ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் யாருடைய கடன்? கடப்பிதழ் யார் கையில்? முதலாளியை மாற்றிக்கொள்ள அனுமதி உண்டா? நடுப்பகல் வெயிலில் வேலை நிறுத்தப்படுகிறதா? தொழிலாளி இறந்தால் பிரேதப் பரிசோதனை நடக்கிறதா?

இவற்றுக்கு வரும் பதிலில் தேதியைப் பாருங்கள். 2022 உலகக் கிண்ணத்தை நடத்தும் வாய்ப்பு கத்தாருக்கு 2010 டிசம்பரில் கிடைத்தது. முதலாளியின் ஒப்புதலின்றி வேலை மாறும் உரிமை 2020-இல்தான் வந்தது. மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம் 2021-இல். அதற்குள் அரங்க வேலையின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. அதனால் அடிக்கல் நாட்டுமுன் வந்த சட்டத்துக்கு மட்டும் முழு மதிப்பெண் கொடுங்கள். இதே கேள்விகளை நம் செம்பனைத் தோட்டங்களில் உழைக்கும் வங்காளதேச, நேபாளத் தொழிலாளர்கள் பக்கமும் திருப்புங்கள். அங்கே கேட்கத் தயங்குபவர் பிற நாட்டுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது.

போட்டிக்குப் பின் அரங்கில் யார் ஆடுவார்கள் என்பதையும் குறியுங்கள். பிரேசிலின் மனாவுஸ் அரங்கில் 2014-இல் நடந்தவை 4 ஆட்டங்கள். உள்ளூரில் முதல் பிரிவுக் குழு இல்லை. வானிலைக்கு ஒரு வரி போதும்: எந்த மாதம், வெப்பமும் ஈரப்பதமும் எவ்வளவு. கத்தாருக்காகப் போட்டியே நவம்பருக்கு மாறியது.

தகுதி பெறும் எல்லாக் குழுக்களையும் உள்ளே விட அரசு உறுதி தருகிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள். இஸ்ரேல் குழுவுக்கு எழுந்த எதிர்ப்பை அடுத்து, 2023-இல் இந்தோனேசியாவிடமிருந்து 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் பறிக்கப்பட்டது.

மதிப்பெண்களைக் கூட்டும்போதுதான் பலர் தவறுகிறார்கள். எல்லா மதிப்பெண்ணையும் சேர்த்தால் பளபளப்பான அரங்கம் தொழிலாளர் குறையை மறைத்துவிடும். உயிர்ப் பாதுகாப்பு, தொழிலாளர் நிலை இரண்டில் ஒன்று தேறாவிட்டாலும் மற்றவற்றைக் கூட்டவே வேண்டாம்.

2034-க்கு சவூதி அரேபியா ஒரே வேட்பாளராக 2024 டிசம்பர் 11-ஆம் தேதி தேர்வானது. இப்படி முடிவான பிறகு "தகுதி உண்டு, இல்லை" என்று கைதூக்குவதில் பயனில்லை. எந்த நிபந்தனை, எந்த ஆண்டுக்குள், யார் சரிபார்ப்பது என்று மூன்று பத்தியாக எழுதி மன்றச் சுவரில் ஒட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து, நிறைவேறியதை மட்டும் கோடு போட்டு அடியுங்கள்.