செனிகா பெண்களின் மணி வேலை உடை: நாம் செய்யும் தவறுகள்

பள்ளி மாறுவேடப் போட்டியோ ஓவியமோ, ‘செவ்விந்தியப் பெண்’ என்றதும் பழுப்புத் தோல் கவுன், தொங்கும் குஞ்சம், நெற்றிப் பட்டையில் ஓர் இறகு என்று போட்டுவிடுகிறோம். அது சினிமா பழக்கிவிட்ட உருவம். நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பக்கத்தைத் தாயகமாகக் கொண்ட செனிகா என்னும் பூர்வகுடிப் பெண்களின் உடை வேறு.

1849 வாக்கில் எடுத்த, கரோலின் பார்க்கர் என்ற செனிகா பெண்ணின் புகைப்படத்தைப் பார்த்தாலே புரியும். மேலே தளர்வான பருத்தி மேலாடை, அதன் கீழ் அடர்நிறக் கம்பளிப் பாவாடை, அதற்கும் கீழே கால்களை மூடும் துணி உறை, அப்புறம் மொக்கசின் செருப்பு. மணிகளை உடம்பெல்லாம் இறைக்கவில்லை. பாவாடையின் கீழ் ஓரம், ஒரு மூலை, கால் உறையின் விளிம்பு என்று இடம் பார்த்துத் தைத்திருக்கிறார்கள்.

அந்த ஓரத்தை வெறும் பூவேலை என்று நினைப்பதுதான் பெரிய தவறு. கிட்டே போய்ப் பாருங்கள்: கருநீலத் துணியில் கடுகளவு வெள்ளை மணிகளால் இணைகோடுகள், அவற்றின் மேல் கவிழ்த்த கிண்ணம் போல அரைவட்டங்கள், உச்சியிலிருந்து இரு பக்கமும் சுருளும் தளிர்கள். செனிகா வம்சாவளியினரான தொல்லியலாளர் ஆர்தர் பார்க்கர் 1912இல் இதை விளக்கி எழுதினார். அரைவட்டம் வானக்கூரை, அதன்மேல் முளைப்பது வானுலக மரம். அந்த மரம் பெயர்ந்த பள்ளத்தின் வழியாகத்தான் வானுலகப் பெண் கீழே விழுந்தாள், ஆமையின் முதுகில் பூமி உருவானது என்பது அவர்களின் படைப்புக் கதை. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று இதைத் தலைகீழாக வரைந்தால் வானம் தோரணமாகிவிடும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இந்த மணிகளை ‘வாம்பம்’ என்று எழுதுவதும் சரியில்லை. வாம்பம் என்பது கடல் சங்கிலும் சிப்பியிலும் கடைந்த வெள்ளை, ஊதா மணி. உடன்படிக்கைகளைப் பட்டையாகக் கோத்து வைப்பதற்கானது. பாவாடையில் இருப்பதோ ஐரோப்பாவிலிருந்து வணிகத்தில் வந்த கண்ணாடி மணி. உடனே ‘அப்படியானால் இது பாரம்பரியமே இல்லை’ என்கிறவர்களும் உண்டு. கண்ணாடி மணி வருவதற்கு முன்பே முள்ளம்பன்றி முள்ளாலும் மூஸ் மான் முடியாலும் அலங்கரித்த கைகள்தான் இவை. பொருள் மாறியது, கை மாறவில்லை.

வாங்குவதாக இருந்தால், செய்தவர் யார், எந்த இனத்தவர் என்று கேளுங்கள். பூர்வகுடியினர் செய்யாததை அவர்கள் செய்தது என்று சொல்லி விற்பதை அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

கடைசியாக ஒன்று, ‘அணிந்தார்கள்’ என்று இறந்தகாலத்தில் எழுதாதீர்கள். கரோலின் குடும்பம் மூலம் நியூயார்க் மாநில அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்த பொருட்களில் பல, 1911இல் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் நடந்த தீ விபத்தில் எரிந்துபோயின. ஆனால் செனிகா பெண்கள் அந்த அரைவட்டங்களை இன்றும் தைக்கிறார்கள், சடங்குகளுக்கு உடுத்திக்கொண்டு போகிறார்கள்.