வந்த பணமெல்லாம் லாபம் இல்லை: ரோல்பிளேயிங் கேம் பதிப்பகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ரோல்பிளேயிங் ஆட்டத்தில், அதாவது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடுவதில், ஐந்து பேர். விதிப்புத்தகம் காசு கொடுத்து வாங்கியது நான் ஒருவன்தான், ஏனென்றால் கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான். மற்ற நால்வரும் அந்தப் புத்தகத்தில் டீக்கறை படிய வைத்ததோடு சரி. இரண்டு வருடமாக விளையாடுகிறோம், பதிப்பகத்துக்கு எங்கள் மேஜையிலிருந்து போனது ஒரு புத்தகத்தின் விலை. இந்தத் தொழிலின் அடிப்படைச் சிக்கலே இதுதான், இதை மறந்துவிட்டு "ஆட்டம் பிரபலம், அதனால் புத்தகம் விற்கும்" என்று கணக்குப் போடுவதில்தான் மற்ற தவறுகள் எல்லாம் தொடங்குகின்றன.

ஒருவர்தான் வாங்குகிறார் என்றால் அவரிடமே இன்னும் நாலு புத்தகம் விற்கலாமே என்று தோன்றும். டிஎஸ்ஆர் அதைத்தான் செய்தது. 1973-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸும் டான் கேயும் தொடங்கிய நிறுவனம், 1974-ல் வெறும் ஆயிரம் பிரதிகளோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்து ஒரு புதிய பொழுதுபோக்கையே உண்டாக்கியது. இருபது வருடம் கழித்துப் பார்த்தால் அதே ஆட்டத்துக்கு ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், ரேவன்லாஃப்ட், டார்க் சன், பிளேன்ஸ்கேப், பர்த்ரைட் என்று கற்பனை உலகங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் அருமை, எனக்கே டார்க் சன் என்றால் உயிர். ஆனால் டார்க் சன் விளையாடுகிறவர் ரேவன்லாஃப்ட் புத்தகத்தைத் தொட மாட்டார். ஒரே கூட்டத்தை ஏழெட்டாகப் பிரித்துவிட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் முழுக் கூட்டத்துக்கு ஆகும் அதே ஓவியச் செலவு, எடிட்டிங் செலவு, அச்சுச் செலவு. பிறகு அந்த நிறுவனத்தை வாங்கியவர்கள் தரப்பில் அதன் கணக்குகளைத் தோண்டிப் பார்த்த ரயன் டான்சி, வாங்குகிறவர் யார், எதற்கு வாங்குகிறார் என்று யாரும் கேட்டதற்கான தடயமே அங்கே கிடைக்கவில்லை என்று எழுதினார். எனக்கு இதுதான் ஆச்சரியம். கடை வாசலில் நின்று நாலு பேரிடம் பேசியிருந்தாலே தெரிந்திருக்கும்.

ஆனால் டிஎஸ்ஆரைக் கவிழ்த்தது கற்பனை உலகங்களின் எண்ணிக்கை மட்டும் இல்லை. பெரிய புத்தகக் கடைகளுக்கான விநியோகத்தை ரேண்டம் ஹவுஸ் பார்த்துக்கொண்டது. புத்தகத்தை அனுப்பினால் பணம் முன்கூட்டியே வரும், விற்காத பிரதிகள் பின்னால் திரும்பி வரும். அனுப்பின உடனே காசு வருகிறது என்றால், கை இறுகும்போதெல்லாம் எதையாவது அச்சடித்து அனுப்பலாம் என்ற சபலம் வரத்தான் செய்யும். 1995-ல் வந்த டிராகன் டைஸ் என்ற பகடை விளையாட்டு முதல் சுற்றில் நன்றாகப் போனதும் மேலே மேலே தயாரித்துக் குவித்தார்கள், அதுவும் தேங்கியது. 1996-ல் ரிட்டர்ன் மொத்தமாக வந்து விழுந்தபோது, வருமானம் என்று நினைத்துச் செலவழித்ததெல்லாம் கடன் என்று ஆகிவிட்டது. அந்த வருடக் கடைசியில் கடன் 3 கோடி டாலருக்கு மேல். 1997-ல் சியாட்டில் பக்கத்து விளையாட்டு நிறுவனமான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வந்து வாங்கிக்கொண்டது.

"அது பழைய காலம், இப்போதுதான் ஆதரவாளர்களிடம் பணம் திரட்டித் தரும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளம் இருக்கிறதே, அச்சடிப்பதற்கு முன்பே பணம் வந்துவிடுகிறது, ரிட்டர்ன் தொல்லையும் கிடையாது" என்பார்கள். சரி. கேயோசியம் கதையைப் பார்ப்போம். 1975-ல் கிரெக் ஸ்டாஃபர்ட் தொடங்கிய நிறுவனம், 1981 முதல் கால் ஆஃப் துலு ஆட்டத்தை வெளியிட்டு வருகிறது, அனுபவத்துக்குக் குறைவில்லை. அதன் ஏழாம் பதிப்புக்காக 2013-ல் 40,000 டாலர் கேட்டார்கள், 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் கொட்டியது. ஆனால் அச்சுப் புத்தகம் ஆதரவாளர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது 2016-ல். இடையில் நிறுவனமே மூழ்கப் பார்த்து, 2015-ல் ஸ்டாஃபர்ட் திரும்பி வந்து நிர்வாகத்தை மாற்றிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. முக்கியக் காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? தபால் செலவு. தடித்த கெட்டி அட்டைப் புத்தகங்களை வெளிநாட்டுக்கு அனுப்ப எவ்வளவு ஆகும் என்பதை வசூலிக்கும்போது குறைத்துப் போட்டுவிட்டார்கள்.

இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் இன்றைக்கும் சின்னப் பதிப்பகங்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். பணம் திரட்டும்போது உற்சாகத்தில், இவ்வளவு தொகை தாண்டினால் இதுவும் தருவோம் என்று, ஸ்ட்ரெட்ச் கோல் என்ற பெயரில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள்: ஒரு வரைபடம், ஒரு பகடை செட், கேம் மாஸ்டருக்கு ஒரு அட்டைத் தடுப்பு, அப்புறம் முப்பது பக்கத்தில் ஒரு துணைப் புத்தகம். தயாரிப்புச் செலவு ஒவ்வொன்றுக்கும் ஒன்று, இரண்டு டாலர்தான், பெரிதாகத் தெரியாது. ஆனால் எடை கூடுகிறது, பெட்டி பெரிதாகிறது, தபால் கட்டணம் அடுத்த படிக்கு ஏறுகிறது, துணைப் புத்தகத்தை எழுதும் ஆள் மூன்று மாதம் தாமதிக்கிறார், அதற்காக மொத்த பார்சலும் குடோனில் வாடகையோடு காத்திருக்கிறது, அதற்குள் தபால்காரர்கள் கட்டணத்தை உயர்த்திவிடுகிறார்கள். வசூலித்த தபால் பணம் பழைய கட்டணத்துக்கானது, வித்தியாசம் உங்கள் பையிலிருந்து. நல்ல வேளையாக இப்போது பலர் தபால் காசைத் தனியாக, அனுப்புகிற சமயத்தில் வாங்குகிறார்கள். ஆதரவாளர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

எடையே இல்லாத பிடிஎஃப்-ஐ அள்ளிக் கொடுப்பது பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. செவன்த் சீ என்ற ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு 2016-ல் 13 லட்சம் டாலர் திரட்டியது. கூடுதல் இலக்குகளாக வரிசையாகத் துணைப் புத்தகங்களை அறிவித்தார்கள், பிடிஎஃப்-ஆக அவை ஆதரவாளர்களுக்கு முன்பே உறுதி. பிறகு அந்தப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எழுதி முடித்தபோது, அவற்றை வாங்கக்கூடிய ஆட்களில் பெரும்பாலோர் கையில் அவை ஏற்கெனவே இருந்தன. வருடக் கணக்கில் வேலை பாக்கி, புதுக் காசு வர வழி இல்லை. 2018-ல் ஆட்களைக் குறைத்தார்கள், 2019-ல் அந்த ஆட்டம் கேயோசியத்திடமே போய்ச் சேர்ந்தது. ஒருமுறை மூழ்கப் பார்த்தவர்கள் இன்னொருவரைக் கரையேற்றினார்கள், விசித்திரம்தான்.

விலை போடும்போது நடக்கும் தவறும் உண்டு. அச்சுச் செலவோடு கொஞ்சம் சேர்த்து விலை வைப்பார்கள். கடைகளுக்குப் போகும் வழியைப் பாருங்கள்: 50 டாலர் புத்தகத்தை விநியோகஸ்தர் 60 சதவீதக் கழிவில் எடுத்தால் உங்கள் கைக்கு 20. அதில் அச்சுக்கு 9, கப்பலுக்கும் குடோனுக்கும் 3, எழுத்துக்கும் ஓவியத்துக்கும் 5 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 3 டாலர். 5,000 அடித்தால் பிரதிக்கு ஒரு டாலர் குறையும் என்று அச்சகம் ஆசை காட்டும், 2,000 பிரதி போதும் என்றிருக்கும்போது அதற்கு மயங்கினால் மீதிப் பணம் குடோனில் தூங்கும். மாறாக 20 டாலர் பிடிஎஃப் ஒன்றை டிரைவ்த்ரூஆர்பிஜி என்ற இணையக் கடையில் விற்றால், அங்கே மட்டும்தான் விற்பேன் என்று எழுதிக் கொடுக்காவிட்டாலும் 65 சதவீதம், அதாவது 13 டாலர் வரும், அச்சோ தபாலோ இல்லாமல். இப்படி இருக்கிறபோது பிடிஎஃப்-ஐ இலவச இணைப்பு மாதிரி நடத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இன்னொன்று, அடுத்தவர் நிலத்தில் மாடி கட்டுவது. 2000-ல் விசார்ட்ஸ் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளை, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தில் விட்டதும் ஏராளமான சிறு பதிப்பகங்கள் அதற்கு ஒத்துப்போகும் புத்தகங்களைப் போட்டுக் குவித்தன. 2003-ல் 3.5 பதிப்பு வந்தது, கடைகளில் இருந்த பழைய சரக்கு ஒரே நாளில் பழங்கஞ்சி. பைசோ என்ற பதிப்பகத்தின் கதை வேறு. 2007-ல் அவர்கள் நடத்திவந்த டிராகன், டன்ஜன் இதழ்களின் உரிமம் கைவிட்டுப் போனது. 2008-ல் நான்காம் பதிப்பு வரவிருந்தபோது, அதன் பின்னால் ஓடாமல் பழைய திறந்த விதிகளை வைத்தே பாத்ஃபைண்டர் என்ற தங்கள் சொந்த ஆட்டத்தை அறிவித்தார்கள். அந்தத் திறந்த உரிமமும் நிரந்தரம் இல்லை என்று 2023 ஜனவரியில் தெரிந்தது: ஏழரை லட்சம் டாலருக்கு மேல் வரும் வருமானத்தில் 25 சதவீதம் கேட்கும் புதிய வரைவு கசிந்து, வாசகர்கள் கொதித்து, அந்த மாதக் கடைசியிலேயே விசார்ட்ஸ் பின்வாங்கி அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் விட்டது. அந்தக் கலவரத்தில், எட்டு மாதத்துக்கு என்று வைத்திருந்த விதிப்புத்தகங்கள் இரண்டே வாரத்தில் தீர்ந்ததாக பைசோ சொன்னது. வேறொருவர் விதிகளை வைத்துப் புத்தகம் போடுவது தவறில்லை, நாளை அந்த வாசல் மூடினால் எந்தப் புத்தகம் மட்டும் நம்முடையதாக மிஞ்சும் என்று பார்க்காமல் போடுவதுதான் தவறு.

கடைசியாக, வாசலே வைக்காமல் வீடு கட்டுவது. 400 பக்க விதிப்புத்தகம்தான் முதல் அறிமுகம் என்றால் எங்கள் மேஜையின் அந்த நால்வரும் ஒருநாளும் வாங்கப் போவதில்லை. 2014-ல் விசார்ட்ஸ் ஐந்தாம் பதிப்பை முதலில் 20 டாலர் ஸ்டார்ட்டர் செட்டாகத்தான் விட்டது, தடிப் புத்தகங்கள் அதற்குப் பின்னால் வந்தன. கேயோசியமும் 2018-ல் கால் ஆஃப் துலுவுக்கு ஒரு சின்னப் பெட்டி போட்டது. அதில் துணைக்கு ஆள் இல்லாமல் தனியாகவே ஆடிப் பார்க்கும் சாகசம் ஒன்று இருக்கிறது. போன மாதம் அதை ஒரு நண்பருக்கு இரவல் கொடுத்தேன், ரயிலில் பகடை உருட்ட இடமில்லாமல் போன் செயலியில் உருட்டி முடித்துவிட்டு வந்தவர், திங்கட்கிழமை தனக்கென்று ஒரு விதிப்புத்தகம் ஆர்டர் போட்டார். இப்போது எங்கள் மேஜையில் இரண்டு புத்தகம்.