ஸ்லாவியப் பெயர்களைப் பிரித்துப் பொருள் காணும் முறை

ரஷ்யம், போலந்து, செக், செர்பியம் முதலிய ஸ்லாவிய மொழிகளில் வழங்கும் ஒரு பெயருக்குப் பொருள் தேட முற்படுபவர், தம் கையில் இருப்பது பெயரின் எந்தப் பகுதி என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். லேவ் நிக்கலாயெவிச் டால்ஸ்டாய் என்னும் பெயரில் 'லேவ்' மட்டுமே பெற்றோர் இட்ட பெயர். அதற்குச் சிங்கம் என்று பொருள். 'நிக்கலாயெவிச்' என்பது நிக்கலாயின் மகன் என்பதைச் சொல்லும் தந்தைவழிப் பெயர். மகளாக இருந்திருந்தால் அது 'நிக்கலாயெவ்னா' ஆகியிருக்கும். 'டால்ஸ்டாய்' குடும்பப்பெயர். நம் தலைப்பெழுத்து ஓரெழுத்தில் முடித்துவிடும் வேலையை ரஷ்யர்கள் ஒரு முழுச்சொல்லைக் கொண்டு செய்கிறார்கள் எனலாம்.

அடுத்து, செல்லப்பெயராக இருந்தால் அதை முழுப்பெயருக்குக் கொண்டுபோக வேண்டும். மீஷாவுக்குத் தனியே பொருள் கிடையாது. அது மிகயீலின் குறுக்கம். வான்யா என்பவர் இவான். சாஷா என்பவர் அலெக்சாந்தராகவும் இருக்கலாம், அலெக்சாந்த்ராவாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டில் பெண்குழந்தைகளுக்கு இடப்படும் நடாஷா, தான்யா ஆகியவையும் நத்தாலியா, தத்தியானா என்பவற்றின் செல்ல வடிவங்களே.

முழுப்பெயர் கிடைத்த பிறகு, அது எந்த மொழியிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். ரஷ்யருக்கும் உக்ரைனியருக்கும் முன்னோரான மக்களைக் கீவ் நகரிலிருந்து ஆண்ட அரசர் விளதீமிர் 988ஆம் ஆண்டில் கிறித்தவத்தை ஏற்றபின், புனிதர்களின் பெயர்கள் கிரேக்கத் திருச்சபை வழியாக அந்நாட்டுக்குள் வந்தன. ஆகவே இவான் என்பதன் வேரை ரஷ்ய மொழியில் தேடுவது வீண். யாவே (யூதர்களின் கடவுள்) அருள்கூர்ந்தார் என்னும் எபிரேயப் பெயர் கிரேக்கத்தைக் கடந்து அடைந்த உருவம் அது. ஜான், ஹான்ஸ், ஹுவான், ஜொவான்னி ஆகியவையும் அதே பெயர்தான். நிக்கலாய் என்பதில் வெற்றி, மக்கள் என்னும் இரண்டு கிரேக்கச் சொற்கள் உள்ளன. ஈகர், அலேக், ஓல்கா ஆகியவையோ வடக்கிலிருந்து வந்த ஸ்காண்டிநேவியர்கள் விட்டுச்சென்றவை. ஓல்கா என்பது ஹெல்கா, அதாவது புனிதமானவள்.

சில பெயர்கள் ஒலி மாறி வராமல், மொழிபெயர்க்கப்பட்டு வந்தன. நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு எனக் கிரேக்கத்தில் பெயர் கொண்டிருந்த மூன்று புனிதப் பெண்கள் ரஷ்யாவில் வேரா, நதேஷ்தா, லுபோவ் ஆனார்கள். பவுல் என்னும் பெயரின் 'சிறியவர்' என்ற பொருளைக் கொண்டு சின்னப்பர் என்றும், யோவானை அருளப்பர் என்றும் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கியதை அறிந்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல.

இந்த அடுக்குகளைக் கழித்தபின் எஞ்சுவது தூய ஸ்லாவியப் பெயர் என்றால், அதை இரண்டாகப் பிளக்கலாம். 'ஸ்லாவ்' என்றால் புகழ். 'மில்' என்றால் அன்புக்குரிய. 'போக்' என்றால் கடவுள். 'விளத்' என்றால் ஆட்சி. லுத்மிலா மக்களுக்கு இனியவள், போக்தான் கடவுள் தந்தவன், போலெஸ்லாவ் மிகுபுகழோன். செக் மொழியின் வாட்ஸ்லாவும் ரஷ்ய மொழியின் வியாச்செஸ்லாவும் 'மேலும் புகழ்' என்னும் ஒரே பழம்பெயரின் இரு வடிவங்கள் என்பது, பழைய எழுத்து வடிவத்தைத் தேடிப் பார்த்தால்தான் புலப்படும். விளதீமிர் என்பதை 'உலகை ஆள்பவன்' என்று பலர் விளக்குகிறார்கள். ஆனால் பழஞ்சுவடிகளில் அப்பெயரின் ஈறு 'மேர்' என்றே காணப்படுகிறது. அது பெருமை, புகழ் என்று பொருள்படும் சொல். உலகம், அமைதி ஆகியவற்றைக் குறிக்கும் 'மிர்' என்ற சொல்லோடு அது பின்னாளில் குழப்பிக்கொள்ளப்பட்டது. ஆட்சியில் பெரியோன் என்பதே மூலத்துக்கு நெருக்கமான விளக்கம்.

இரண்டு வேர்களின் பொருளையும் சேர்த்து ஒரு வாக்கியம் ஆக்கிவிட வேண்டும் என்ற ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். ஜெர்மானியப் பெயர்களிலும் இதே கட்டுமானம் உண்டு. 597ஆம் ஆண்டில் இறந்த பிராங்கு அரசி பிரெதெகுந்தின் பெயரில் முதற்பாதி அமைதி, பிற்பாதி போர். மங்கலமும் வீரமும் ஒலிக்கும் சொற்களை இணைத்துப் பெயரிட்டார்கள். இணைந்தபின் அவை பொருந்துகின்றனவா என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நல்ல பொருளே இல்லாத பெயரைக் கண்டால் திகைக்க வேண்டியதில்லை. நெக்ராஸ் என்றால் அழகற்றவன். செர்பிய மொழியறிஞர் வூக் கராஜிச்சின் (1787–1864) பெயரில் வரும் 'வூக்' என்பது ஓநாய். முன்பு பிறந்த குழந்தைகள் இறந்துபோனதால், சூனியக்காரிகள் ஓநாயை அண்டமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அப்பெயரை இட்டார்கள். பிச்சை, குப்பன் என்ற பெயர்களை நம் முன்னோர் இட்டதும் இதே அச்சத்தால்தான்.

இந்த வழிகள் எதற்கும் பிடிபடாத பெயர் என்றால், அது சோவியத் காலத்ததா என்று பார்க்க வேண்டும். ஸ்டாலின் என்பது இடுபெயரே அன்று. எஃகைக் குறிக்கும் 'ஸ்டால்' என்ற சொல்லிலிருந்து ஒரு புரட்சியாளர் சூடிக்கொண்ட புனைபெயர். விளத்லேன் என்பது விளதீமிர் லெனினின் சுருக்கம். நினெல் என்னும் பெண்பெயருக்கு வேர் தேடி அகராதியைப் புரட்டுவதைவிட, அதன் ரஷ்ய எழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்துப் பார்ப்பது நல்லது. லெனின் என்று வரும்.