சீனக் குடியேறிகளின் மரண விசாரணைக் கோப்புகள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிழைக்கப் போன சீனர்களில் ஒருவர் திடீரென்றோ அடிபட்டோ இறந்தால், கொரோனர் (இப்படிப்பட்ட மரணங்களை விசாரிக்கும் அதிகாரி) ஜூரியை, அதாவது ஊர்க்காரர்களைக் கொண்ட நடுவர் குழுவை, கூட்டி மரண விசாரணை நடத்துவார். பல தொழிலாளிகளைப் பற்றி இன்று மிஞ்சியிருப்பது அந்தக் கோப்பு மட்டும்தான். அதை அவசரமாகப் படித்தால் அவருக்கே அநியாயம் செய்தவர்கள் ஆவோம்.

முதல் சறுக்கல் பெயரில். 'ஆ லீ' என்றிருந்தால் 'ஆ' குடும்பப்பெயர் என்று எழுதிவிடுகிறார்கள். அது தென்சீனத்தில் பேசப்படும் கான்டனீஸ் மொழியில் பழகியவர்களைக் கூப்பிடும்போது பெயருக்கு முன்னால் சேர்க்கும் சொல். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே ஆள் மூன்று தாளில் மூன்று பெயரோடு இருக்கலாம். வயதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சீனக் கணக்கில் பிறக்கும்போதே ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இன்னொன்று. 30 என்று பதிவானவருக்கு நம் கணக்கில் 28 ஆகவும் இருக்கலாம்.

அப்புறம், திடீர் மரணமும் சந்தேக மரணமும்தான் விசாரணைக்கு வந்தன. அவற்றை எண்ணிவிட்டு 'சீனர்கள் இப்படித்தான் செத்தார்கள்' என்று சொல்வது தவறு.

எனக்கு மிகவும் வலிக்கும் தவறு, ஜூரியின் முடிவை நடந்த உண்மையாக எடுத்துக்கொள்வது. சீனர் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1854இலேயே சொல்லிவிட்டது. கோப்பில் சாட்சி இல்லை என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தமில்லை. அமெரிக்காவின் வயோமிங் பகுதியில், ராக் ஸ்பிரிங்ஸில் 1885 செப்டம்பர் 2 அன்று, பட்டப்பகலில், வெள்ளைச் சுரங்கத் தொழிலாளிகள் 28 சீனர்களைக் கொன்றார்கள். கொன்றது யார் என்று தெரியவில்லை என்றது கொரோனரின் ஜூரி. பிடிபட்ட 16 பேரில் ஒருவர்மீதுகூட வழக்கு நிற்கவில்லை.

ஆனால் உயிர் தப்பியவர்களில் 559 பேர் கையெழுத்திட்டு, நியூயார்க்கிலிருந்த சீனக் கான்சலிடம் (சீன அரசின் தூதரக அதிகாரி) நடந்ததை எழுதிக் கொடுத்தார்கள். சீனத் தரப்பில் ஒவ்வொரு சடலத்துக்கும் தனிக் குறிப்பும் தயாரானது. இந்த இரண்டும் இல்லாமல் கொரோனரின் தாளை மட்டும் மேற்கோள் காட்டாதீர்கள். அந்தச் சடலக் குறிப்புகளில் ஒருவர்: ஓடைக்குப் பக்கத்தில் கிடந்தார், இடது நெற்றிப்பொட்டில் குண்டு, வயது 36, ஊரில் அம்மா இருக்கிறார்.