சாயல்குடி வழியாகப் போனால் கருப்பட்டி வாங்குங்கள்

ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடி போகிறவர்கள் சாயல்குடிப் பக்கம் வண்டியைக் கொஞ்சம் ஓரங்கட்டுங்கள். பங்குனி தொடங்கி ஆடி வரை பதநீர்க் காலம். பனையேறும் குடும்பங்களே காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டி நேரடியாகக் கிடைக்கும்.

வாங்கும்முன் ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உடைந்த இடம் பரல் பரலாக மினுமினுத்தால் சீனி கலந்தது. நல்லது மங்கலான கரும்பழுப்பாக இருக்கும். தின்றபின் நாக்கில் லேசாகக் கரிக்கும். விலை கடையைவிடக் கூடவே இருக்கலாம். மரம் ஏறுகிற பாட்டைப் பார்த்தால் பேரம் பேச எனக்கு வாய் வராது.

அப்புறம், ஓலைக்கொட்டானோடு வாங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் வியர்த்து இளகிவிடும். சில்லறையும் கையில் இருக்கட்டும்.