வீட்டுக்குப் போகும் அவசரத்தில் போடும் கையெழுத்து

சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் என் அக்கா மகன் பக்கத்து வீட்டுக்காரரோடு கைகலப்பில் மாட்டிக்கொண்டான். காவல் நிலையத்தில் விரல் ரேகை எடுத்தார்கள். அப்புறம், "500 ராண்ட் கட்டினால் இப்போதே வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். அக்கா கைப்பையைத் துழாவி நோட்டுகளை எண்ணிக் கொடுத்தார். அவன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டான். விடிவதற்குள் வீடு வந்துவிட்டான். நானும் நல்ல வேளை என்றுதான் நினைத்தேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு வேலைக்குப் போலீஸ் சான்றிதழ் கேட்டார்கள். தாக்குதல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன் என்று அதில் இருந்தது.

அன்று அவன் கட்டியது ஜாமீன் பணமே இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம். 1977-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 57-ஆம் பிரிவு. பணத்தைக் கட்டினால் நீதிமன்றப் படி ஏறாமலே தண்டனை பதிவாகிவிடும். சில சிறு குற்றங்களுக்கு இதைத் தளர்த்தும் திருத்தம் இப்போது வந்திருக்கிறது என்றாலும், தாக்குதல், திருட்டு என்று பெயர் வந்தால் யாரையும் கேட்காமல் கட்டவே கட்டாதீர்கள். பதிவை அழிக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் 10 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அவனுக்கு இன்னும் நான்கு ஆண்டு பாக்கி.

பணம் கேட்டால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது ஜாமீனா, அபராதமா?" ஜாமீன் என்றால், சொன்ன தேதிக்கெல்லாம் ஆஜரானால், வழக்கு எப்படி முடிந்தாலும் அந்தப் பணம் கட்டியவருக்கே திரும்பி வரும். ரசீதைத் தொலைத்துவிட்டு அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வழக்கறிஞருக்கு வசதியில்லாதவர்கள் லீகல் எய்ட் என்ற சட்ட உதவி அமைப்பின் இலவச எண் 0800 110 110-ஐ எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

48 மணி நேரக் கணக்கிலும் பலர் தவறுகிறார்கள். கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 35-ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அந்தக் கெடு நீதிமன்றம் மூடியிருக்கும் நேரத்தில் முடிந்தால், அடுத்த வேலை நாள் முடியும்வரை நீளும். வெள்ளி இரவு பிடிபட்டவருக்கு அது திங்கட்கிழமை. ஞாயிறு மாலை நிலையத்தில் போய்ச் சத்தம் போடுவதில் பயனில்லை. சிறு குற்றமென்றால் நீதிமன்றத்துக்குப் போகுமுன்பே போலீஸே ஜாமீன் தரலாம், அதைக் கேளுங்கள்.

அடுத்து, வாட்ஸ்அப்பில் வரும் 'புதுச் சட்டம்'. மரண தண்டனை திரும்ப வருகிறது என்ற செய்தி வருடா வருடம் வருகிறது. 1995 ஜூன் 6 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அதை நீக்கியது. நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் ஒன்றை இயற்றி அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட முடியாது. ஆயுள் தண்டனை என்றால் 25 ஆண்டில் வெளியே வந்துவிடுவார் என்பதும் தவறு. 25 ஆண்டு கழித்துப் பரோல், அதாவது நிபந்தனையோடு முன்கூட்டியே விடுதலை கேட்கலாம், அவ்வளவுதான்.

தெருக்காவல் போகும் தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணெதிரே கொள்ளையடிப்பவனைத் தனிமனிதர் பிடிக்கலாம். பிடித்ததும் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். சாலையை மறித்து வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரம் நமக்குக் கிடையாது. 2021 ஜூலைக் கலவரத்தின்போது டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் அப்படித்தான் சாலைகளை மறித்தார்கள். அங்கே 36 உயிர்கள் போயின. அந்த வீடுகளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

ஜனாதிபதி கையெழுத்திட்ட அன்றே சட்டம் அமலுக்கு வந்துவிட்டதாக நினைப்பதும் அடிக்கடி நடக்கிறது. குடும்ப வன்முறைத் திருத்தச் சட்டத்தில் 2022 ஜனவரியில் ராமபோசா கையெழுத்திட்டார். அமலானது 2023 ஏப்ரல் 14-ல்தான். அரசிதழில் அமலாகும் தேதியைப் பாருங்கள். அந்தத் திருத்தம் முதியோரைத் துன்புறுத்துவதையும் குடும்ப வன்முறை என்றே சொல்கிறது. ஓய்வூதியப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு மிரட்டும் மகன்மேல் ஒரு பாட்டி பாதுகாப்பு ஆணை கேட்கலாம். இது குடும்ப விஷயம் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பப் போலீஸுக்கு உரிமையில்லை.