பழைய கப்பல் புதுச்சேரிக்கு எந்த வழியாக வந்தது? பதிவை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

முதலில் தேதி. சூயஸ் கால்வாய் திறந்தது 1869 நவம்பர் 17. அதற்கு முந்தைய பதிவில் ‘சூயஸ்’ என்று கண்டால் ஏமாந்துவிடாதீர்கள். 1858 முதல் அலெக்சாந்திரியாவிலிருந்து கெய்ரோ வழியாக சூயஸ் வரை ரயில் ஓடியது. பயணிகளும் தபாலும் இறங்கி, ரயிலேறி, மறுகரையில் வேறு கப்பல் பிடித்தார்கள்.

அடுத்து, கப்பல் வகை. பிரெஞ்சுப் பதிவில் ‘வப்பேர்’ என்றால் நீராவி. ‘த்ருவா-மா’ என்றால் மூன்று பாய்மரம். பாய்மரமாக இருந்தால், 1869-க்குப் பிறகும் பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றும் நன்னம்பிக்கை முனை வழிதான். செங்கடலின் வடபாதியில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்றே அதிகம். ஐரோப்பாவுக்குத் திரும்பும் பாய்மரம் அதில் திணறும். கால்வாய்க்குள் இழுவைப் படகுக் கூலி வேறு, டன்னுக்கு 10 பிராங்க் சுங்கம் வேறு. கட்டுப்படியாகாது.

இடைத் துறைமுகங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அட்லாண்டிக் தீவான செயின்ட் ஹெலினா என்றால் முனைவழி; கால்வாயின் வடக்கு வாயிலான போர்ட் சையத் என்றால் கால்வாய். இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள், செங்கடல் வாயிலருகே உள்ள ஏடனிலிருந்து அங்கே நீராவித் தடமும் இருந்தது.

கொடியைவிட நிலக்கரி எங்கே ஏற்றினார்கள் என்பதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். கால்வாயை வெட்டியது பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸின் கம்பெனி. ஆனால் ஏடன் 1839 முதலே பிரிட்டன் கையில். 1875-ல் எகிப்தின் ஆட்சியாளரான கெதீவின் 1,76,602 கால்வாய்ப் பங்குகளைச் சுமார் 40 லட்சம் பவுனுக்கு பிரிட்டன் வாங்கியது. 1882-ல் எகிப்தில் பிரிட்டிஷ் படையே இறங்கிவிட்டது. தென்னாற்காட்டு மல்லாட்டை (நிலக்கடலை) புதுச்சேரியில் ஏறி மார்செய் எண்ணெய் ஆலைக்குப் போகிறதென்றால், ஏறும் துறையும் கொடியும் பிரெஞ்சு, வழியில் கரி மட்டும் ஆங்கிலேயன் தயவு! பிரான்ஸ்–சீனப் போரின்போது ஏடனில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்களுக்குக் கரி மறுக்கப்பட்டது. அதன் பிறகுதான் எதிர்ப்புற ஆப்பிரிக்கக் கரையில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகங்களான ஒபோக், ஜிபூத்தி பெயர்கள் முக்கியமாகின்றன.

டன் கணக்கில் ஒரு சிக்கல். சுங்கத்துக்காகக் கால்வாய்க்கென்றே தனி அளவுமுறை 1873-ல் வகுக்கப்பட்டது. ஒரே கப்பலுக்கு இரண்டு எண் கிடைத்தால் எழுத்துப்பிழை என்று அடித்துவிடாமல் இரண்டையும் எழுதி வையுங்கள்.

பயண நாட்களைக் கணக்கிடும்போது, நங்கூரமிட்ட தேதியையும் சரக்கு இறங்கிய தேதியையும் பிரித்து எழுதுங்கள். புதுச்சேரியில் அன்று அலைக்கு மறைவான துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் நிற்கும், சலங்குப் படகுதான் அலையைத் தாண்டிச் சரக்கைக் கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் பொங்கினால் அந்த வேலை நின்றுவிடும். அந்தத் தாமதத்தைக் கால்வாயின் கணக்கில் சேர்க்கக் கூடாது.